இரண்டரைக்கும் மூன்றரைக்கும் நடுவே

பிப்ரவரி 4, திங்கள்

வார்டு முழுக்கக் காகித இதயங்கள். தலைமை நர்ஸ் மேடம் ஹெர்மினியாவின் ஏற்பாடு. காதலர் தினம் வருகிறதாம். இதய நோயாளிகள் படுத்திருக்கும் இடத்தில், சிவப்பு அட்டையை வெட்டி நூலில் கோத்து, ஆக்சிஜன் குழாய்க்கு மேலே தொங்கவிட்டிருக்கிறார். மின்விசிறி சுற்றும்போது எல்லாம் ஆடுகின்றன. ஒன்றுகூட ஒரே தாளத்தில் இல்லை. அந்த வகையில் பொருத்தம்தான்.

“அழகா இருக்கில்ல, ரென்ஸ்?” என்று கேட்டார். இருக்கிறது என்றேன். எங்கள் இலோயிலோ ஊரில் யாரும் யாரையும் முகத்துக்கு நேரே மறுப்பதில்லை. இங்கே திட்டுகூடத் தாலாட்டு மாதிரிதான் வரும். இருபத்தைந்து வருடமாக இந்தத் தாலாட்டைக் கேட்கிறேன். தூக்கம் வரவில்லை. குமட்டல்தான் வருகிறது.

பிப்ரவரி 5, செவ்வாய்

ஏழாம் கட்டிலுக்குப் புதிதாக ஒருவர். போலிகார்ப்போ. “மானோங் கார்போன்னு கூப்பிடுப்பா. முழுப் பேரச் சொன்னா போலீஸ் தேடுற மாதிரி இருக்கு.” அண்ணன் என்று அழைத்தால் போதும், கைதுசெய்ய மாட்டார்கள் என்று நினைக்கிறார் போல.

கிமாராஸ் தீவுக்கும் இந்தக் கரைக்கும் நடுவே பயணிகள் படகு ஓட்டுபவர். மூச்சு வாங்குகிறது. கால் வீக்கத்தை விரலால் அழுத்தினால் குழி விழுந்து அப்படியே நிற்கிறது. இதயத்தில் எப்போதோ வைத்த உலோக வால்வு. பக்கத்தில் நின்றால் டிக், டிக் என்று கேட்கிறது, மலிவான கைக்கடிகாரம் போல.

பரீட்சைக்கு உதவும், எழுதி வைக்கிறேன்: உலோக வால்வு உள்ளவர்களுக்கு ரத்தம் சீக்கிரம் உறையக் கூடாது. அதற்கு வார்ஃபரின் மாத்திரை. மாத்திரை சரியாக வேலை செய்கிறதா என்பதைச் சொல்வது ஐ.என்.ஆர். பரிசோதனை. இவருக்கு அந்த எண் இரண்டரைக்கும் மூன்றரைக்கும் நடுவே இருக்க வேண்டும். கீழே போனால் வால்வில் ரத்தம் கட்டி, அது நின்றுவிடும். மேலே போனால் உடம்பில் எங்காவது கசியும். அந்தச் சின்னச் சந்துக்குள்தான் இந்த மனிதர் இத்தனை வருடமாகக் குடியிருக்கிறார்.

இன்று 1.6.

இ.சி.ஜி. எடுக்கப் போனால் ரப்பர்க் குமிழ்கள் நெஞ்சில் நிற்காமல் வழுக்கி விழுகின்றன. தைலம். அந்தப் பச்சைத் தைலம். இந்த நாட்டில் வயிற்று வலி, தலைச்சுற்றல், கடன், காதல் தோல்வி எல்லாவற்றுக்கும் தேய்ப்பது. ஸ்பிரிட்டால் துடைத்துத் துடைத்து எடுத்தேன். மனைவி மானாங் பாசிங், அதாவது பாசிங் அக்கா, கட்டிலுக்கடியில் அட்டை விரித்துக் குடிவந்துவிட்டார். துணைக்கு ஆள் இல்லாத நோயாளி இங்கே அநாதை என்று அர்த்தம். “கொஞ்சம்தான் தடவினேன் தோதோ, நெஞ்சு அடைக்குதுன்னார்” என்றார். தோதோ. வேலைக்கு வந்து மூன்று வருடமாகிறது. இன்னும் எல்லாக் கிழவிகளுக்கும் நான் பொடியன்தான்.

பிப்ரவரி 6, புதன்

நர்ஸ்கள் உட்காரும் மேசையைச் சுற்றி எல்லோர் கையிலும் வெளிநாட்டுத் தேர்வுக்கான கைப்பேசிக் கேள்விகள். நோயாளி மணி அடித்தால் விரலைக் கேள்வியிலேயே வைத்துக்கொண்டு எழுந்து போகிறார்கள். இது ஆஸ்பத்திரி அல்ல. விமான நிலையம். கட்டிலில் கிடப்பவர்கள் மட்டும்தான் எங்கும் போகாதவர்கள்.

என் தாள்களும் வெளிநாட்டுக்கு ஆள் அனுப்பும் ஏஜென்சியில்தான் இருக்கின்றன. இரண்டு வருடம் இலக்கியம் படித்தேன். பிறகு அம்மா அழுதார், நர்சிங் படித்தேன். எல்லோரையும் போல. ஒரே வித்தியாசம், நான் தெரிந்தே செய்கிறேன். அது ஒரு பெருமையா?

பிப்ரவரி 7, வியாழன்

கார்போவுக்கு மாத்திரை கூட்டியும் எண் 1.5. இறங்கியிருக்கிறது.

டாக்டர் சல்சேடோ நோயாளியைப் பார்க்காமல் என்னைப் பார்த்துச் சொன்னார், “துப்புறாரா பாரு.” எனவே மாத்திரை கொடுத்துவிட்டு, டார்ச் அடித்து, நாக்கைத் தூக்கச் சொல்லிப் பார்த்தேன். கார்போ அதே நிலையில், வாயைத் திறந்துகொண்டே, “உள்ள படகு எதாவது தெரியுதா?” என்றார். வாயில் இருந்த பற்களைவிட வேடிக்கைகள் அதிகம்.

துப்பவில்லை.

பிப்ரவரி 8, வெள்ளி

கண்டுபிடித்துவிட்டேன்.

மதியம் வார்டுக்குள் நுழையும்போது மானாங் பாசிங் தூக்குவாளியிலிருந்து ஊற்றிக்கொண்டிருந்தார். லாஸ்வா, எங்கள் ஊர்க் காய்கறிச் சாறு. பூசணி, வெண்டை, இறால் தலை, அதற்கு மேலே மூடாக்குப் போட்டதுபோல் முருங்கைக்கீரை. தினமும் தீவிலிருந்து காலைப் படகில் வருகிறதாம். படகுக்காரர்கள் ஆளுக்கொரு நாள் சுமக்கிறார்கள். நோயாளியின் தட்டில் ஆஸ்பத்திரிச் சோறு தொடாமல் கிடக்கிறது.

முருங்கைக்கீரையில் கே வைட்டமின். கே வைட்டமின் வார்ஃபரினுக்கு நேர் எதிரி. முதல் வருடப் பாடம். ஒரு பக்கம் நாங்கள் மாத்திரையால் எண்ணை ஏற்றுகிறோம், மறுபக்கம் இந்த அம்மா கரண்டி கரண்டியாக இறக்கிக்கொண்டிருக்கிறார். மூன்று நாள் ரத்தம் எடுத்து, அளந்து, டாக்டர் புருவம் சுளித்து, எல்லாம் ஒரு தூக்குவாளியிடம் தோற்றுக்கொண்டிருந்தோம்.

சிரிப்பு வந்தது. நல்ல சிரிப்பு அல்ல.

பிப்ரவரி 9, சனி

பாடம் நடத்தினேன். படம் வரைந்தே காட்டினேன். வால்வு, ரத்தக்கட்டி, கீரை. மானாங் பாசிங் ஒவ்வொரு வாக்கியத்துக்கும் “ஓ” என்றார். இங்கே ஓ என்றால் ஆமாம். புரிந்தது என்று அர்த்தமில்லை.

“கீரை குத்தவாளின்னு நிரூபணம் ஆயிடுச்சு. என்னைய விடுதலை பண்ணுங்க” என்றார் கார்போ.

லாஸ்வா முற்றிலும் நிறுத்தம் என்று அட்டவணையில் எழுதி, கட்டில் தலைமாட்டில் தாளும் ஒட்டினேன். எழுத்து பெரிதாக. கீழே கோடு.

அந்த அம்மா வாளியை மூடினார். மூடியை அழுத்தி, துணியால் சுற்றி, மடியில் வைத்துக்கொண்டார். பிறகு மெதுவாகக் கேட்டார், “அப்ப நான் இங்க என்னதான் செய்யறது தோதோ?”

அந்தக் கேள்வியின் முட்டாள்தனம் எனக்கு எரிச்சலாக இருந்தது. ஒன்றும் செய்ய வேண்டாம் என்பதற்குத்தானே ஆஸ்பத்திரி.

“தைலமாச்சும் தேய்க்கலாமா?”

“தாராளமா தேய்ங்க. எவ்ளோ வேணா தேய்ங்க. அதனால நல்லதும் ஆகாது, கெட்டதும் ஆகாது. இ.சி.ஜி.க்கு முன்னாடி மட்டும் தொடச்சிடுங்க.”

ஓ என்றார். இந்த முறை முகம் தெளிந்தது.

பிப்ரவரி 11, திங்கள்

2.2. ஏறுகிறது.

பிப்ரவரி 12, செவ்வாய்

2.9. சந்துக்குள் வந்துவிட்டார்.

சல்சேடோ எல்லார் முன்னாலும், “கீரையைக் கண்டுபிடிச்சது யாரு?” என்றார். மேடம் ஹெர்மினியா என்னைக் கைகாட்டினார். தோள் தட்டினார்கள். “நர்ஸ் மேசையிலயும் மூளை இருக்கிறவன் ஒருத்தன் இருக்கான்” என்றார் டாக்டர். மற்றவர்கள் கைப்பேசியிலிருந்து கண்ணெடுத்து என்னைப் பார்த்துச் சிரித்தார்கள். பல்லால் மட்டும்.

இந்த வார்டில் யோசிப்பவன் நான் ஒருவன் என்ற எண்ணம் எனக்கு எப்போதும் உண்டு. இன்று அதற்குச் சாட்சிகள் கிடைத்தார்கள். அவ்வளவுதான். அதை ரசிக்கவில்லை என்று எழுதினால் பொய்.

வெள்ளிக்கிழமை வீட்டுக்கு அனுப்பலாம் என்று முடிவு. கார்போவின் படகு கரையேற்றப்பட்டுப் புது வண்ணம் பூசக் காத்திருக்கிறதாம். என்ன வண்ணம் என்று அவருக்கும் மருமகனுக்கும் தினமும் போனில் சண்டை.

பிப்ரவரி 14, வியாழன்

4.4.

அட்டை இதயங்கள் ஆடிக்கொண்டிருந்தன. மேடம் ஹெர்மினியா சிவப்புச் சட்டையில். எல்லோருக்கும் ஆளுக்கொரு ரோஜா மிட்டாய். நான் அறிக்கைத்தாளைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

முதல் சந்தேகம் பரிசோதனைக்கூடத்தின் மேல். அது அடித்தளத்தில், பிணவறைக்குப் பக்கத்தில். அங்கே ரத்தம் சோதிக்கும் டெல்ஃபினுக்கும் பக்கத்து அறையில் கிடப்பவர்களுக்கும் பெரிய வித்தியாசம் கிடையாது. எப்போதும் காதில் இசை. போனில் கூப்பிட்டு, “உன் மெஷினைத் துடைச்சியா கடைசியா?” என்றேன்.

“தினம் தொடைக்கிறேன். நீ குழாய நெரப்புனியா?”

நீல மூடிக் குழாயில் கோடுவரை ரத்தம் இருக்க வேண்டும். குறைந்தால் எண் பொய்யாக ஏறும். தெரியும். எனக்குத் தெரியாதா? நிரப்பினேன் என்றேன். எல்லா நர்சும் அப்படித்தான் சொல்கிறார்கள் என்றான். எல்லா நர்ஸ். என்னைப் போய் அந்தக் கூட்டத்தில் சேர்த்துவிட்டான்.

மறுபடி எடுக்கிறேன், நாளை காலை, கோடுவரை, அவன் கண்ணெதிரே கொண்டுபோய் வைக்கிறேன்.

பிப்ரவரி 15, வெள்ளி

5.3. கோடுவரை. நானே கொண்டுபோய்க் கொடுத்தேன். டெல்ஃபின் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, “இந்தத் தடவ அழகா நெரப்பிருக்க” என்று சொல்லிவிட்டு இரண்டு முறை ஓட்டினான். இரண்டு முறையும் அதே.

“ரத்தம் பொய் சொல்லல, சார் ரென்ஸ். வேற யாரோ சொல்றாங்க.”

வீட்டுக்குப் போவது ரத்து. நேற்றே நிறுத்திய மாத்திரை இன்றும் நிறுத்தம். கார்போ படகுப் பாயை மடிப்பதுபோல் போர்வையை மடித்து வைத்திருந்தார், கிளம்பத் தயாராக. அதை விரித்துப் போட்டேன். “பரவால்ல. வண்ணம் காயட்டும்” என்றார்.

மாலையில் மேடம் ஹெர்மினியா கதவைச் சாத்திவிட்டுக் கேட்டார். குரல் பஞ்சு மாதிரி. “தப்பா நெனச்சுக்காத ரென்ஸ். ஒருவேளை, தவறுதலா, ரெண்டு மாத்திரையா போயிருக்குமோ?”

தவறுதலாக. நான். கீரையைக் கண்டுபிடித்தவன்.

இல்லை என்றேன். அவர் தலையாட்டினார். நம்பவில்லை. நம்பாததை எவ்வளவு அன்பாகச் செய்கிறார்கள் இங்கே.

பிப்ரவரி 16, சனி

5.9. மாத்திரை இல்லாமலே.

பல் ஈறில் ரத்தம். தலையணையில் சிறு கறை. ஊசி குத்திய இடமெல்லாம் நாவல்பழ நிறம். கல்லீரல் வீங்கியிருப்பதால் இருக்கலாம் என்கிறார் சல்சேடோ. இருக்கலாம். இவர்களுக்கு எல்லாமே இருக்கலாம்தான். கே வைட்டமின் கொஞ்சமாகக் கொடுக்கவும் பயப்படுகிறார். அதிகமானால் வால்வு அடைத்துக்கொள்ளும். பொறுத்துப் பார்ப்போமாம்.

மானாங் பாசிங் என்னிடம் அல்ல, கட்டில் தலைமாட்டில் நான் ஒட்டிய தாளிடம் சொல்வதுபோல் அதையே பார்த்துக்கொண்டு சொன்னார்: “ஒரு வாய் கீரகூடக் குடுக்கல.”

எனக்கு அந்தப் பார்வை பிடிக்கவில்லை.

பிப்ரவரி 17, ஞாயிறு

கார்போவின் வலது கண். காலையில் எழுந்ததும், “யாரு திரை போட்டது?” என்று கேட்டார். யாரும் போடவில்லை.

கண்ணுக்குள்ளே ரத்தக்கசிவு. கண் டாக்டர் வந்து பார்த்தார். உதட்டைப் பிதுக்கினார்.

கே வைட்டமினும் பிளாஸ்மாவும் கொடுத்தோம். இனி எதிர்ப்பக்கத்துப் பயம். வேலை முடிந்தும் போகாமல் பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்தேன். டிக். டிக். அந்த மலிவுக் கடிகாரம் நிற்கக் கூடாதே என்று. ஆஸ்பத்திரிக்குள் இருக்கும் சிறு கோயிலின் ஒலிபெருக்கியில் ஜெபமாலை. அதைத் தாண்டிக் கேட்க வேண்டியிருந்தது. யாராவது அதை அணைக்கக் கூடாதா? ஐம்பது முறை ஒரே வார்த்தையைச் சொன்னால்தான் கேட்கும் என்றால் அது என்ன காது?

ஆனாலும் நானும் ஒரே சத்தத்தைத்தான் திரும்பத் திரும்பக் கேட்டுக்கொண்டிருந்தேன்.

பிப்ரவரி 18, திங்கள்

இ.சி.ஜி. எடுக்கப் போனேன். குமிழ் வழுக்கியது. திட்டிக்கொண்டே பஞ்சை ஸ்பிரிட்டில் தோய்த்துத் துடைத்தேன். பஞ்சு பச்சையானது. இன்னொன்று. அதுவும் பச்சை. முதுகுப் பக்கம் கையை விட்டுத் திருப்பினால் படுக்கை விரிப்பே அவர் உருவத்தில் பச்சை.

வாசனை.

மூன்றாம் வருட மருந்தியல் வகுப்பில் ஒரு சின்னக் குப்பியைக் கை மாற்றி மாற்றி முகர்ந்தோம். பின்வரிசைப் பையன்கள் எங்கள் வீட்டுத் தைல வாசனை என்று சிரித்தார்கள். சாலிசிலேட். ஆஸ்பிரினின் கூடப்பிறந்தது. தோல் வழியே உள்ளே போகும். வார்ஃபரின் எடுப்பவருக்குக் கொடுக்காதே.

இரண்டு வாரமாக நான் துடைத்துக்கொண்டிருந்தது இதைத்தான். தினமும். கையால். மூக்குக்கு நேரே.

கட்டிலுக்கடியிலிருந்து பாட்டிலை எடுக்கச் சொன்னேன். பின்பக்கம் படித்தேன். இருந்தது. எவ்வளவு தேய்க்கிறீர்கள் என்று கேட்டேன். முதல் முறையாகக் கேட்டேன்.

“லாஸ்வா இருந்தப்ப நெஞ்சுல மட்டும் ரெண்டு சொட்டு. அப்புறம்தான் நீ எவ்ளோ வேணா தேய்க்கலாம்னியே. முதுகு, தொட, காலு, பாதம். காலையிலயும் சாயங்காலமும். சோறுதான் நான் போட முடியல, கையாவது அவர் மேல இருக்கட்டும்னு.” பிறகு, “தீந்துபோச்சுன்னா படகுல குடுத்து விடுவாங்க” என்றும் சேர்த்துக்கொண்டார், நான் அளவு குறைவு என்று குறை சொல்வதாக நினைத்து.

அவ்வளவு வருடமாகக் கீரை இறக்கியது, தைலம் ஏற்றியது. இரண்டும் தெரியாமல் ஒன்றையொன்று பிடித்து நிறுத்திக்கொண்டு, அந்த மனிதரை எப்படியோ தள்ளாடித் தள்ளாடி நிற்க வைத்திருந்தன. நான் ஒரு காலைத் தட்டிவிட்டேன். இன்னொன்றை நீளமாக்கச் சொன்னேன்.

எல்லாப் பாட்டிலையும் வாங்கிக்கொண்டேன். சோப்புப் போட்டு நானே அவர் உடம்பைக் கழுவினேன். சல்சேடோவுக்குப் போன் செய்து தைலம் என்று மட்டும் சொன்னேன்.

தைலம் என்று மட்டும்.

பிப்ரவரி 19, செவ்வாய்

டாக்டர் சுற்று. சல்சேடோ, இரண்டு பயிற்சி டாக்டர்கள், மேடம் ஹெர்மினியா, நான்.

அவர் பாட்டிலை உயர்த்திப் பிடித்தார், ஏலம் விடுபவர் மாதிரி. மானாங் பாசிங்கைப் பார்த்து, “கீரையால அடைக்கப் பாத்தே. அது முடியலன்னு தைலத்தால ஒழுக விட்டுட்டே. உம் புருஷன்மேல உனக்கு அப்படி என்ன கோவம்?” என்றார். பயிற்சி டாக்டர்கள் சிரித்தார்கள். ஒருத்தி கையால் வாயை மறைத்துக்கொண்டு, நாகரிகமாக.

“சொல்லு. யாரக் கேட்டு இதப் பண்ணுன?”

நான் அந்த அம்மாவைப் பார்த்தேன். சொல்லப்போகிறார். விரலை நீட்டப்போகிறார். தயாராக இருந்தேன். அது சரியான சொல் அல்ல. குறிப்புத்தாளை நெஞ்சுக்கு நேரே தூக்கிப் பிடித்திருந்தேன்.

அவர் என்னைப் பார்த்தார். ஒரு கணம்தான்.

“யாரையும் கேக்கல, டாக்டர்.”

“அதான. எதுக்குக் கேக்கணும்? நீங்கள்லாம் பொறந்தப்பவே டாக்டருங்க.”

கார்போ ஒற்றைக் கண்ணால் மனைவியைப் பார்த்தார், பிறகு என்னை. போர்வையை இழுத்து முகத்தை மூடிக்கொண்டார்.

நான் என்ன செய்தேன்? குறிப்பு எழுதிக்கொண்டிருந்தேன். சுத்தமான கையெழுத்தில்.

பிப்ரவரி 20, புதன்

மாத்திரையைத் துப்பும் நோயாளியைத் தேடி வாயில் டார்ச் அடித்தேன். வெட்கம்கெட்டவனைத் தேட எங்கே அடிப்பது?

இந்த வார்டில் யாரையெல்லாம் இளக்காரமாக நினைத்தேன்! அட்டை இதயம் ஒட்டுகிறவர், கேள்வியில் விரல் வைத்துக்கொண்டு நடப்பவர்கள், இசை கேட்கும் டெல்ஃபின். அவர்களில் யாரும் அந்த அம்மாவிடம் எவ்ளோ வேணா தேய்ங்க என்று சொல்லவில்லை. சொல்வதற்கு வேண்டிய அளவு படிப்பும் திமிரும் எனக்குத்தான் இருந்தன.

சே.

பிப்ரவரி 21, வியாழன்

சல்சேடோவிடம் போய்ச் சொன்னேன். அவர் காபி கலக்கிக்கொண்டிருந்தார். நான்தான் தேய்க்கச் சொன்னேன், அந்த அம்மா அனுமதி கேட்டார், நான் கொடுத்தேன். மனப்பாடம் செய்த வரிகள். எப்போது இடி விழும் என்று காத்திருந்தேன்.

“சரி. இனிமே யாரையும் தேய்க்கச் சொல்லாத.”

அவ்வளவுதான். கரண்டியை உதறினார். பிறகு, “இத வேற யார்கிட்டயும் பேச வேணாம். ஆஸ்பத்திரிக்கு நல்லதில்ல” என்றார்.

அவர் கேவலமாகத் தெரிந்தார். அவரை அப்படி நினைக்கும் உரிமை எனக்கு இருக்கிறதா என்று இரண்டாவது யோசனை வந்தது. அந்த இரண்டாவது யோசனை எனக்குப் புதிது.

அங்கிருந்து ஏழாம் கட்டிலுக்குப் போனேன். மானாங் பாசிங் ஆரஞ்சு உரித்துக்கொண்டிருந்தார். டாக்டரிடம் சொல்லிவிட்டேன் என்றேன். கை நின்றது.

“ஏன் சொன்ன?”

“நீங்க ஏன் சொல்லல?”

“நீ வெளிநாட்டுக்குப் போறவனாமே. உங்க மேடம்தான் சொன்னாங்க. பேருல கறை இருந்தா விடமாட்டாங்களாம். உங்கம்மா எவ்ளோ செலவு பண்ணிப் படிக்க வெச்சிருப்பா.” ஒரு சுளையை நார் நீக்கி என்னிடம் நீட்டினார். “என்னைய ஏசுனா எனக்கென்ன. நான் எங்க போறேன், அந்தப் பக்கத் தீவுக்கு.”

கார்போ மறுபக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டே சொன்னார், “எனக்குன்னா ஒரு கண்ணு போவுது. அவனுக்குன்னா ஆரஞ்சு வருது.”

சுளையை வாங்கிக்கொண்டேன். தின்றேன். துப்ப முடியவில்லை.

பிப்ரவரி 22, வெள்ளி

3.1. வால்வின் டிக் டிக் கேட்கிறது. கண் திரும்பவில்லை.

பிப்ரவரி 26, செவ்வாய்

கார்போ வீட்டுக்குப் போனார்.

வலது கண்ணில் கொஞ்சம் வெளிச்சம் மட்டும் தெரிகிறதாம். ஆள் தெரியவில்லை. இனி மருமகன் படகு ஓட்டுவான். சக்கர நாற்காலியில் தள்ளிக்கொண்டு போகும்போது கேட்டேன், என்ன கேட்பது என்று தெரியாமல்: எப்படிச் சமாளிப்பீர்கள்?

“கிமாராஸ் எங்க இருக்குன்னு படகுக்கே தெரியும். எனக்கு ஒரு கண்ணு போதும், அவன் தப்பா ஓட்டுறானான்னு பாக்க.”

மன்னிப்புக் கேட்க நினைத்திருந்தேன். வாசலில் அவர் என் கையைப் பிடித்துக்கொண்டார். ஆனால் அது எழுந்து நிற்பதற்காகத்தான். நின்றதும் விட்டுவிட்டார். ஜீப்னியில் ஏறும்போது மானாங் பாசிங் மட்டும் திரும்பிப் பார்த்தார்.

தலைமாட்டில் ஒட்டிய தாளைக் கிழித்தேன். பசை போகவில்லை. நகத்தால் சுரண்டினேன்.

மார்ச் 6, புதன், சாம்பல் புதன்

எல்லோர் நெற்றியிலும் சாம்பல். மேடம் ஹெர்மினியா ஒருவழியாக இதயங்களைக் கழற்றினார். அதே நூலில் ஊதா நிறச் சிலுவைகள்.

புது நோயாளி யார் வந்தாலும் நான் கேட்கும் முதல் கேள்வி, உடம்பில் என்ன தேய்க்கிறீர்கள், வீட்டிலிருந்து என்ன வருகிறது. பிறகு குனிந்து முகர்கிறேன். மேசையில் இருப்பவர்கள் எனக்குப் பெயர் வைத்துவிட்டார்கள். சார் தைலம். “சார் தைலம், பத்தாம் கட்டில்ல ஒரு அம்மா மணக்கிறாங்க, சீக்கிரம் வாங்க.” அடித்தளம்வரை போய்விட்டது. நீலக் குழாயோடு டெல்ஃபின் அனுப்பிய சீட்டில், கோடுவரை ரத்தம், மூக்குவரை புகழ் என்று எழுதியிருந்தான்.

இளித்தார்கள். இளிக்கட்டும். ஒரு மாதத்துக்கு முன்னால் நானே இதைவிட நல்ல பெயராக வைத்திருப்பேன்.

மார்ச் 19, செவ்வாய்

ஏஜென்சியிலிருந்து கூப்பிட்டார்கள். தாள்கள் சுத்தமாக இருக்கின்றனவாம். கறை எதுவும் இல்லையாம். யோசித்துச் சொல்கிறேன் என்றேன்.

ஏப்ரல் 2, செவ்வாய்

வெளிநோயாளிப் பிரிவில் ஐ.என்.ஆர். நாள். வரிசையில் கார்போ. கறுப்புக் கண்ணாடி. “வில்லன் மாதிரி இருக்கேனா?” அவர் கையில் நான்தான் ஊசி குத்தினேன். கோடுவரை. படகுக்கு என்ன வண்ணம் பூசினீர்கள் என்று கேட்டேன். பச்சை என்றார். பிறகு என் முகத்தைப் பார்த்துவிட்டு, பொய், நீலம் என்றார்.

போன மாதமே சல்சேடோவிடம் வாதாடி வாங்கிய உத்தரவு அட்டையில் இருக்கிறது. தைலம் கூடாது. லாஸ்வா தினமும் ஒரு கிண்ணம், கூட்டாமல் குறைக்காமல். அதற்குத் தகுந்தபடி மாத்திரை. முதலில் கிண்ணம், பிறகு மாத்திரை. அவர் கையெழுத்துப் போடும்போது முணுமுணுத்தார், கீரைக்காரிக்கு நான் உதவியாளா என்று. ஆமாம் என்றேன். மறுத்துப் பேச இந்த ஊரிலும் ஒரு வழி இருக்கிறது.

முடிவு வரும்வரை மானாங் பாசிங் பெஞ்சில் என்னைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டார். கையை நீட்டினார். எதற்கு என்று புரியவில்லை.

“மோந்து பாரு.”

குனிந்தேன். முருங்கை இலை உருவிய பச்சை வாசனை. கொஞ்சம் சோப்பு. வேறொன்றும் இல்லை.

“எப்பப் போற?” என்று கேட்டார்.

“எங்க?”

டெல்ஃபின் சீட்டு அனுப்பினான். 2.8.